கிடைத்த இடம்

கத்திரிச் செடி நண்பகலில் துவண்டு
சாயங்காலம் நிமிர்ந்துகொள்ளும்.
மறுநாளும் அப்படியே.
தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து
பாகம்பிரியாள் ஒரு மாதம் மோட்டார் போட்டிருக்கிறாள்.
பிறகு ஒன்றை வேரோடு பிடுங்கி
உரப்பையில் சுருட்டி
கல்லல் வழியாக வரும் பஸ்ஸில் ஏறி
காரைக்குடியில் எங்களிடம் வந்தாள்.

வேரில் முடிச்சு இல்லை.
இருந்திருந்தால் அன்றைக்கே பெயர் சொல்லி அனுப்பியிருப்பேன்.
கறுத்த கீறல்கள் மட்டும்,
எறும்பு கடித்துவிட்டுப் போனதுபோல.

போய் மண் எடுத்தோம்.
ஒரு முழம் இறங்கினால் செம்புறாங்கல் தட்டும் நிலம்.
மண்வெட்டி எகிறியதும் சிக்கந்தர் கேட்டான்,
"இது மண்ணா, சூளைக்குப் போகாத செங்கல்லா?"

வாளியில் கரைத்து
ஒன்றைவிட ஒன்று நுண்ணிய சல்லடைகளில் வடித்து
கடைசிச் சல்லடையில் தங்கியதை
மெல்லிய தாளில் பரப்பி
புனல் தண்ணீரில் ஓர் இரவு விட்டால்
உயிருள்ளது நெளிந்து கீழே இறங்கும்.
செத்தது மேலேயே கிடக்கும்.

மூங்கில் சிம்பின் நுனியில்
என் கண்ணிமை முடி ஒன்றை ஒட்டிவைத்திருக்கிறேன்.
அதைவிட மெல்லிய தூண்டில் எந்தக் கடையிலும் இல்லை.
அதில்தான் அந்த நூற்புழுவைத் தூக்கினேன்:
அரை மில்லிமீட்டர், கண்ணாடி இழை,
வாய்க்குள் ஒரு குத்தூசி,
ஊசியின் அடியில் மூன்று குமிழ்.

குமிழ்கள் பின்னோக்கிச் சாய்ந்திருந்தன.
நான் அறிந்த உறவுகளில் அவை உருண்டை.
பக்கவாட்டில் கோடு ஆறு; நான்கை எதிர்பார்த்திருந்தேன்.
வால் நுனியில்
யாரோ நகத்தால் கிள்ளியதுபோல ஒரு பள்ளம்.
நூற்றுப் பன்னிரண்டு பெண்களை அளந்தேன்.
ஆண் ஒன்றுகூட இல்லை.
பெங்களூருக்கு அனுப்பிய மரபணுவும்
சொந்தம் உண்டு, ஆள் வேறு என்றது.

ஒன்றைத் தேர்ந்து
சூட்டில் கொன்று, கிளிசரினில் கிடத்தி
கண்ணாடித் தகட்டில் மெழுகு வைத்து மூடினேன்.
இனி எவர் சந்தேகப்பட்டாலும்
இந்தப் பிணத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பாகம்பிரியாள் லென்ஸில் கண் வைத்து
நெடுநேரம் எடுக்கவில்லை.
"ஆம்பளையே இல்லாமலா இம்புட்டுப் பெருகுச்சு?"
ஆமாம்.
"குவைத்துல இருக்க எங்க வீட்டுக்காரருகிட்ட
இதச் சொல்லிராதீங்க."
சிக்கந்தர் சிரித்துச் சிரித்து வெளியே போய்விட்டான்.

பெயர் வைக்கப்போகிறோம் என்றேன்.
"கூடவே கெடச்ச எடமும் போடுவீங்களா?"
போட வேண்டும். மாவட்டம், ஊர், பயிர், நாள்,
யாருடைய வயல்.
அவள் மறுபடி லென்ஸைப் பார்த்தாள்.

அவள் விற்பது காய் இல்லை. நாற்று.
திங்கள் சந்தையில், கட்டுக் கட்டாக.
"எங்க ஊர்ப் பேரு பொஸ்தகத்துல ஏறிட்டா
நாத்து எவன் வாங்குவான்?
எனக்கு மட்டுமில்ல, பதினாறு குடும்பம்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
ஒவ்வொரு கட்டிலும் இதுவும் சந்தைக்குப் போயிருக்கிறது.
அவள் விரல் மடக்கித் திங்கள்கிழமைகளை எண்ணினாள்.
ஒன்பது.
கை விரல்களைப் பிரிக்காமலே சொன்னாள்:
"நாத்தங்காலுக்கு நெருப்பு வைக்கிறேன்.
நீங்க ஊர்ப்பேர வைக்காதீங்க."

வைத்தாள். தைல மரச் சருகு குவித்து.
பார்த்துவிட்டு வந்த சிக்கந்தரின் சட்டையில்
இரண்டு நாள் தைல வாசம்.

"காரைக்குடிக்குத் தெற்கே ஒரு கத்திரி வயல்"
என்று கட்டுரையில் எழுதினேன்.
இதழிலிருந்து திரும்பி வந்திருக்கிறது:
இடம் தெளிவாக இல்லை, திருத்துக.
பதினோரு நாளாக மேசையில் கிடக்கிறது.
ஒன்பது வாரம் வாங்கினவனுக்குத் தெரிய வேண்டாமா
என்கிறான் சிக்கந்தர்.
வேண்டும்தான்.

தகட்டில் ஒட்டிய சீட்டில்
எண் உண்டு, நாள் உண்டு, பயிர் உண்டு.
இடம் என்ற வார்த்தைக்கு எதிரே காலி.
பென்சிலில் எழுதி அழித்திருக்கிறேன்.
ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால்
இன்னும் வாசிக்க முடிகிறது.